யாருடைய 120-ஆம் பக்கம்?

ஆன்லைன் வாசகர் குழு ஒன்றில் சேர்ந்து, அங்கே இருப்பவர்களோடு நாலு வார்த்தை சகஜமாகப் பேசும் நிலைக்கு வர எனக்கு மூன்று மாதம் ஆனது. படிக்கத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நம்பித்தான் போனேன். அப்படி நடக்கவில்லை. புதிதாகச் சேரப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

முதல் இடறல் விண்ணப்பத்திலேயே. மூன்று கேள்விகள், கூடவே படித்த புத்தகங்களைப் பதிந்துவைக்கும் தளமான குட்ரீட்ஸில் நம் கணக்கின் முகவரி. பத்து நிமிடத்தில் நிரப்பி அனுப்பினேன். பதினாறு நாள் பதிலே இல்லை. மறுபடி கேட்டதற்கு அட்மின் பொறுமையாகவே காரணம் சொன்னார். என் கணக்கில் படம் இல்லை, அலமாரியில் ஒரு புத்தகம்கூட இல்லை, அறிமுகத்தின் கடைசி வரியில் "நானும் கதைகள் எழுதுவேன்" என்று இருந்தது. இது மூன்றும் சேர்ந்தால், தன் புத்தகத்தை விற்க வந்தவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்களாம். அப்படி வந்தவர்களால் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சேர்வதற்கு முன்பே படித்த புத்தகங்களில் ஒரு இருபதையாவது அலமாரியில் ஏற்றுங்கள். நாலைந்துக்கு இரண்டு வரி கருத்து எழுதுங்கள். நீங்கள் எழுத்தாளராகவே இருந்தாலும் அதை முதல் நாளே சொல்ல வேண்டாம்.

இரண்டாம் முறை உடனே சேர்த்துக்கொண்டார்கள். அறிமுகம் எழுதினேன், ஏழெட்டுப் பேர் வரவேற்றார்கள். அதோடு சரி. "எனக்கு எல்லா வகை நாவலும் பிடிக்கும்" என்று எழுதியிருந்தேன். அதைப் படிக்கிறவர் என்ன பதில் சொல்ல முடியும்? ஒரு குறிப்பிட்ட புத்தகத்தைச் சொல்லி, அதில் விளங்காத ஒரு இடத்தைக் கேட்டிருந்தால் பேச்சு தொடங்கியிருக்கும்.

அப்புறம் கூட்டு வாசிப்பு. ஒரு தடிமனான மொழிபெயர்ப்பு நாவல். சனிக்கிழமைக்குள் 120-ஆம் பக்கம் வரை படித்துவிட்டுப் பேசலாம் என்று அறிவிப்பு. நானும் சரியாக 120 வரை படித்தேன். எட்டாம் அத்தியாயத்தில் அண்ணன் இறந்துபோகும் இடம் என்னை உலுக்கிவிட்டது. யாரும் பேச்சைத் தொடங்காததால் நானே தொடங்கினேன். "அண்ணன் இப்படிச் சாவான் என்று நினைக்கவே இல்லை" என்பதுதான் என் செய்தியின் முதல் வரி.

என்னுடையது பொடி எழுத்தில் நெருக்கி அச்சடித்த பதிப்பு. மற்ற பெரும்பாலானவர்கள் கையில் இருந்த பதிப்பில் 120-ஆம் பக்கத்தோடு ஏழாம் அத்தியாயம்தான் முடிகிறது. எனக்கு அதே ஏழு 94-லேயே முடிந்துவிட்டிருந்தது. மீதி 26 பக்கத்தில் நான் யாரும் தொடாத இடத்துக்குப் போய் நின்றிருக்கிறேன்.

ஐந்து நிமிடத்தில் ஒரு பதில் வந்தது. "இதை இங்கே எழுதியிருக்கக் கூடாது நான் இன்னும் அங்கே வரவில்லை". முற்றுப்புள்ளி இல்லை, பெயர் சொல்லி அழைக்கவில்லை. நான் செய்தியை நீக்கினேன். நீக்கி என்ன பயன்? முதல் வரி அறிவிப்பாக எல்லோருடைய போன் திரையிலும் வந்து போயிருக்கிறது. குழுவைத் திறக்காதவர்கள்கூடப் படித்துவிட்டார்கள். மூன்று நாள் குழுவில் பேச்சே இல்லை. வெளியேறிவிடலாம் என்று இரண்டு முறை அந்தப் பொத்தான் வரை போனேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கதையின் திருப்பத்தைப் பற்றி எழுதுவதென்றால் முதல் வரியில் அத்தியாய எண்ணையும் எச்சரிக்கையையும் மட்டும் போடுங்கள். டெலிகிராமிலும் டிஸ்கார்டிலும் ஒரு வரியின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு நெடுக்கோடு (||) போட்டால் அது மறைந்துவிடும், தொட்டால்தான் தெரியும்.

நான்காம் நாள் மன்னிப்புக் கேட்டேன். கூடவே, "ஏழாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? எந்தப் பதிப்பில் எந்தப் பக்கம் என்று நான் ஒரு பட்டியல் போட்டுத் தருகிறேன்" என்று எழுதினேன். இரண்டு பேர் அனுப்பினால் பெரிது என்று நினைத்தேன். பதினோரு படம் வந்தது.

அந்தப் பதினோரு படங்களில்தான் இவர்களை முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்வேன். ஒருவர் பக்கத்தில் நூலக முத்திரை, அதன்மேல் பாதி அழிந்த தேதி. இன்னொருவர் ஓரமெல்லாம் பென்சிலால் கேள்வி எழுதியிருந்தார், ஒவ்வொரு கேள்விக்கும் கீழே படித்த நாள். ஒருவர் பிரதியில் ஏழாம் அத்தியாயமாக இருந்தது எங்களுக்குப் பதினொன்று. பார்த்தால் அது சுருக்கப்பட்ட பதிப்பு. அட்டையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அவர் சொல்வது ஒன்றும் எங்களோடு ஏன் ஒட்டவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. பாவம், தனக்குத்தான் சரியாகப் படிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

கடைசியாக வந்த படம், என்னைக் கடிந்தவருடையது. மின்வாசிப்பான் திரை. திரை முழுக்க ஏழே வரி. அவ்வளவு பெரிய எழுத்து. பக்க எண் இல்லை, மூலையில் சதவீதம் மட்டும். தனியாக எழுதிக் கேட்டேன். கண்ணில் கோளாறு வந்ததிலிருந்து இப்படித்தான் படிக்கிறாராம். செய்திகளையும் குரலில் சொல்லித்தான் எழுதவைக்கிறார், அதனால்தான் முற்றுப்புள்ளி விழுவதில்லை. "ஒரு அத்தியாயம் முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆகும் தம்பி. முடிவு தெரிந்துவிட்டால் அவ்வளவு தூரம் புரட்டிப் போக மனசு வராது" என்றார். அதை வாசித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

பட்டியல் போட ஒரு மாலை முழுக்கப் போனது. அத்தியாயம், அதன் முதல் ஐந்து சொற்கள், ஒவ்வொரு பதிப்பிலும் தொடங்கும் பக்கம். ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணை வைத்துப் பிரிக்கலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். 2007-இலிருந்து அது 13 இலக்கம், பழைய பிரதிகளில் 10. அதனால் ஒரே பதிப்பு இரண்டு எண்ணில் வந்து குழப்பியது. கடைசியில் முதல் ஐந்து சொற்கள்தான் கைகொடுத்தன, அதுவும் மொழிபெயர்ப்பாளர் ஒருவராக இருந்தால் மட்டும். குட்ரீட்ஸில் புத்தகத்தைச் சேர்க்கும்போதும் நம் கையில் இருக்கும் பதிப்பைத் தேடி எடுக்க வேண்டும். முதலில் கண்ணில் படுவதைச் சேர்த்தால் பக்கக் கணக்கு வேறாக இருக்கும். படித்த அளவைச் சதவீதத்தில் போட்டால் ஓரளவு தப்பிக்கலாம்.

பட்டியலுக்குப் பிறகு எல்லாம் மாறியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், நான் கேட்பதற்குப் பதில் வந்தது.

அடுத்த ஏமாற்றம் மார்ச் கடைசி ஞாயிறு. நாவலை முடித்துவிட்டு எல்லோரும் முகம் பார்த்துப் பேச ஜூம் சந்திப்பு. நேரத்தை ஐரோப்பாவில் இருந்த ஒருவர் தன் கடிகாரப்படி மாலை 4 மணி என்று அறிவித்திருந்தார். பிப்ரவரியில் ஒருமுறை வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன், அதையே நம்பினேன். அந்த ஞாயிறு அதிகாலைதான் அங்கே கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். எங்கள் கடிகாரம் அசையவே இல்லை. நான் போனபோது ஒரு மணி நேரச் சந்திப்பு முடிந்துவிட்டது. நடத்துபவருக்காகக் காத்திருக்கச் சொல்லி ஒரு வரி, அதையே பார்த்துக்கொண்டு 25 நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மடியில் நாவல், குறித்துவைத்த ஒன்பது காகிதத் துண்டுகளோடு.

அமெரிக்காவில் இந்த மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறே வந்துவிடும். ஆக, மார்ச்சில் இரண்டு மூன்று வாரம் யாருடைய கணக்கும் யாரோடும் பொருந்தாது. இலையுதிர்காலத்தில் இதே கூத்து திரும்ப வரும். செய்தியில் நேரத்தை எழுதுவதற்குப் பதில் நாட்காட்டி அழைப்பாக அனுப்பச் சொல்லுங்கள், அவரவர் நேரத்துக்கு அதுவே மாற்றிக் காட்டிவிடும்.

அன்று இரவு, பெரிய எழுத்தில் படிக்கும் அந்த அம்மாவே அழைத்தார். "நீங்க வரலையேன்னு எல்லாரும் கேட்டாங்க" என்று ஆரம்பித்து, என் ஒன்பது காகிதத் துண்டுகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். அண்ணன் இறக்கும் இடத்துக்கு வந்தபோது நான் தயங்கினேன். "படிச்சிட்டேன், சொல்லுங்க" என்றார். அந்த ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் நாற்பது நிமிடம் பேசியிருப்போம்.

போன வாரம் அடுத்த நாவலின் அறிவிப்பு வந்தது. முதல் வரியே "பக்க எண் வேண்டாம், அத்தியாயம் மட்டும்". அதற்குக் கீழே அந்த அம்மாவின் குரல் செய்தி: "தம்பி, என் பிரதியோட முதல் வரியைப் படிக்கிறேன், பட்டியல்ல ஏத்திக்கோங்க."