இரண்டாவது ஆலோசகரிடம்தான் பேச்சு வந்தது

அப்பா இறந்த இரவு 11.07 மணிக்கு என்னை அழைத்திருக்கிறார். அலைபேசியின் ஒலியை அணைத்து வைத்துவிட்டு நான் தூங்கிக்கொண்டிருந்தேன். விடிந்து எடுத்துப் பார்த்தபோது அப்பாவிடமிருந்து ஒரு தவறிய அழைப்பு, அண்ணனிடமிருந்து பதினான்கு.

அதன்பின் தினமும் 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும். அலைபேசியை எடுத்து அந்த ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டிருப்பேன். பசி போயிற்று. அலுவலகத்தில் ஒரே கடிதத்தை நான்கு முறை படித்தாலும் மனத்தில் ஏறவில்லை. துக்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்றார்கள், நானும் அப்படியே நம்பினேன். ஏழு மாதம் கழித்து அண்ணன்தான் சொன்னான்: "நீ இப்போது அழுவதுகூட இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது."

அவன் வற்புறுத்தலில் முதல் ஆலோசகரிடம் போனேன். நன்கு படித்தவர், மரியாதையாகவே நடத்தினார். ஆனால் பத்தாவது நிமிடத்திலேயே அறிவுரை தொடங்கிவிட்டது: நடைப்பயிற்சி, தியானம், புதிய பொழுதுபோக்கு. அந்த அழைப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "கடந்ததை நினைத்துப் பயனில்லை" என்று அங்கேயே முடித்துவிட்டார். மூன்று அமர்வுகளோடு நின்றுகொண்டேன். நின்றதுகூடப் பெரிதில்லை. கவுன்சலிங்கே எனக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டி மேலும் நான்கு மாதம் வீணாக்கினேன். ஒருவரோடு பேச்சு ஒட்டவில்லை என்பதை வைத்து அந்த வழியையே அடைத்துக்கொண்டதை இன்று நினைத்தாலும் மனம் பதறுகிறது.

தலைவலிக்காகப் போன இடத்தில்தான் கதவு மறுபடி திறந்தது. பொதுநல மருத்துவர் ஒன்பது கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார். மனச்சோர்வு எவ்வளவு என்று அறிய உதவும் அதைப் பி.எச்.க்யூ-9 என்பார்கள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, ஆர்வம், கவனம் எப்படி இருந்தன என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை நாமே குறிக்க வேண்டும், மொத்தம் 27; எண் கூடக் கூடச் சோர்வும் அதிகம். எனக்கு 17 வந்தது. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்பது. அதற்கு நான் 1 போட்டிருந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அதைப் பற்றி நேரடியாகக் கேட்டார். கேட்டால் அந்த எண்ணம் வளர்ந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி ஆவதில்லை; யாரோ கேட்டார்களே என்று எனக்கு மூச்சு வந்தது. அந்த எண்ணம் வலுவாக இருப்பவர்கள் பொருத்தமான ஆலோசகரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மருந்து தேவையா என்று தீர்மானிப்பவர் மனநல மருத்துவர், பேச்சுவழிச் சிகிச்சைக்கு அதற்கென்று பயிற்சி பெற்ற உளவியலாளரோ ஆலோசகரோ வேண்டும் என்று விளக்கியவரும் அவரே. எனக்கு இரண்டாவதை முதலில் முயலச் சொன்னார்.

இந்த முறை மூவரிடம் தொலைபேசியில் பேசிவிட்டுத்தான் நேரம் குறித்தேன். என்ன பயிற்சி பெற்றிருக்கிறீர்கள், இழப்போடு வருபவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, நான் சொல்வது யார் காதுக்காவது போகுமா, பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். ஒருவர் எரிச்சலடைந்தார். இன்னொருவர் ஐந்தே அமர்வில் குணமாகும் என்று உறுதி கொடுத்தார். எனக்கு அதிலேயே நம்பிக்கை போய்விட்டது. மூன்றாமவர் நிதானமாகச் சொன்னார்: "பேசுவது நமக்குள்தான் இருக்கும். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் பிறரிடம் சொல்ல வேண்டிவரும். நான்கு அமர்வு முடிந்ததும் சேர்ந்து பார்ப்போம். சரிவரவில்லை என்றால் நானே வேறொருவரைச் சொல்கிறேன்."

அவரிடமும் எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. மூன்றாவது அமர்வில், "அப்பாவுக்கு வயதும் ஆகியிருந்தது அல்லவா" என்றார். எனக்குள் ஏதோ சட்டென்று மூடிக்கொண்டது. அடுத்த வாரம் போகவே கூடாது என்றிருந்தேன். ஆனாலும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப்போய், கை நடுங்க அதைப் படித்தேன்: நீங்கள் அப்படிச் சொன்னது வலித்தது. அவர் தன் பக்க நியாயம் எதுவும் பேசவில்லை. "அவசரப்பட்டு ஆறுதல் சொல்லிவிட்டேன். அது எங்கே பட்டது, சொல்லுங்கள்" என்றார். அன்றுதான் 11.07 என்ற எண்ணை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன்.

எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் எழுதியதைப் பின்னர் அறிந்தேன். எதை நோக்கிப் போகிறோம், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பவற்றில் இருவருக்கும் உடன்பாடு, கூடவே ஒரு பிணைப்பு. சிகிச்சை உறவு இந்த மூன்றில் நிற்கிறது என்கிறார். முதலில் போன ஆலோசகரிடம் எனக்கு மூன்றுமே அமையவில்லை.

பிறகு நடந்தது பெரும்பாலும் உழைப்பு. நோட்டுப் புத்தகத்தில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம், அந்த இரவு எனக்குத் தெரிந்திருந்தவை: மாலையில் பேசினோம், குரல் தெளிவாக இருந்தது, சாப்பிட்டுவிட்டேன் என்றார். வலப்பக்கம், இன்று தெரிந்தவை. அதில் ஒரே வரி: அதுதான் கடைசி அழைப்பு. வலப்பக்கத்தில் இருப்பதை வைத்து இடப்பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரைத் தண்டித்து வந்திருக்கிறேன் என்று புரிய எனக்கு ஆறு வாரம் பிடித்தது. சில அமர்வுகளில் ஒன்றுமே நகரவில்லை. சில நாள் வீடு திரும்பியபின் இன்னும் கனத்தது.

பதினான்காவது அமர்வில் அதே தாளை மறுபடி நிரப்பினேன். 6 வந்தது. ஒன்பதாவது கேள்விக்கு 0. அன்று அவர் கேட்டார், "அப்பா எதற்காக அழைத்திருப்பார்?"

உதவி கேட்டிருக்கலாம். "நாளை மழையாம், குடை எடுத்துக்கொண்டு போ" என்று சொல்லவும் இருக்கலாம். வாரத்தில் இரண்டு இரவாவது அதற்காகத்தான் அழைப்பார். ஓராண்டுக்கும் மேலாக முதலாவதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அந்த அறையில் இரண்டாவதும் அப்பாவின் குரலிலேயே கேட்டது.