798 சிசியா, 1496 சிசியா: புளியரை ஏற்றத்துக்கு வண்டி எடுத்த அனுபவம்

எங்களுக்குக் கடையம் பக்கம். 2019ல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து விலாசத்தில் தென்காசி என்று எழுதுகிறோம், ஆனாலும் வெளியூரில் யாராவது கேட்டால் வாயில் வருவது திருநெல்வேலிதான். சொந்த வயலில் வாழையும் காய்கறியும் உண்டு. அக்கம்பக்கத்திலும் வாங்கிச் சேர்த்து, ஒரு பங்கு பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கும், மீதி கேரள எல்லையில் இருக்கிற புளியரை தாண்டிப் புனலூருக்கும் போகும். வெகுகாலம் வாடகை வண்டிதான். வாடகை ஏறிக்கொண்டே போனதால், சொந்தமாக ஒரு பிக்கப் எடுத்துவிடலாம் என்று நானும் தம்பியும் இறங்கினோம். ஓட்டுவது அவன், கணக்கு வழக்கு என் பொறுப்பு.

எந்தக் கம்பெனி என்று முடிவு செய்ய அதிக நேரம் ஆகவில்லை. இன்ஜின் சின்னதா பெரிதா என்பதில்தான் ரொம்ப நாள் இழுத்தது. இதே யோசனையில் இருப்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால், நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடைசியில் கையில் நின்றவை டாடா இன்ட்ராவில் இரண்டு வண்டிகள். வி10 என்பது 798 சிசி (சிசி என்பது இன்ஜினின் கொள்ளளவு), ரெண்டு சிலிண்டர், நாற்பது சொச்சம் குதிரைத்திறன், ஏற்றக்கூடிய பாரம் 1000 கிலோ. வி30 என்பது 1496 சிசி, நாலு சிலிண்டர், 70 குதிரைத்திறன், 1300 கிலோ. விலையில் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். நடுவில் அசோக் லேலண்ட் தோஸ்த்தையும் பார்த்தோம், 1478 சிசியில் மூன்று சிலிண்டர், எங்கள் மார்க்கெட்டில் நிறைய ஓடுகிற நல்ல வண்டி. ஆனால் எங்களுக்குக் கைக்கெட்டிய சர்வீஸ் இன்ட்ராவுக்குத்தான் இருந்தது. 2523 சிசி பொலிரோ பிக்கப்பில் 1.7 டன் ஏற்றுகிற வண்டி மேல் தம்பிக்கு ஒரு கண். அதை நான்தான் வேண்டாம் என்றேன். காரணம், மோட்டார் வாகனச் சட்டப்படி வண்டியும் பாரமும் சேர்ந்த மொத்த எடை 3000 கிலோவுக்குள் இருந்தால் சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டாம். 1.7 டன் ஏற்றும் வண்டி அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். எங்கள் அளவு வியாபாரத்துக்கு பெர்மிட், அதைப் புதுப்பிக்கும் அலைச்சல் எல்லாம் தேவையில்லாத சுமை. இன்ட்ரா ரெண்டுமே 3000க்குள் அடங்கிவிடும்.

ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் எடை போட்டோம். இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். வாடகை வண்டியைக் காலியாக ஒரு தடவை எடைமேடையில் ஏற்றி, லோடோடு ஒரு தடவை ஏற்றி, சீட்டை வாங்கி வைத்துக்கொண்டோம். காய்கறி நாளும் வாழை நாளும் தனித்தனியாக. மூட்டையும் டிரேயுமாகக் காய் போகிற நாளில் எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோதான் வந்தது. வாழைத்தார் ஏற்றிய நாளில் 1100ஐத் தாண்டியது. கண்ணுக்கு வண்டி நிறைந்த மாதிரி தெரிவது காய்கறியில், எடை நிற்பது வாழையில். ஒரு தார் சுமாராகப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து கிலோ வரும். எண்பது தார் ஏற்றினாலே வி10 முழு பாரத்துக்கு வந்துவிடும். சருகு போட்டு அடுக்குகிற லோடுமேன்கள், இடம் இருக்கிறதே என்று இன்னும் நாலு தார் சொருகத்தான் பார்ப்பார்கள்.

எடையை மட்டும் வைத்துப் பார்த்தாலே வி30 என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் வாழை தினமும் போவதில்லை, பாதிக்கு மேல் காய்கறி லோடுதான். அதற்கு வி10 தாராளமாகப் போதும், டீசலும் மிச்சம், மாதத் தவணையான டியூவும் குறைவு. மார்க்கெட்டில் விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சின்ன வண்டி வைத்திருப்பவர் மைலேஜைப் பேசுவார், பெரிய வண்டி வைத்திருப்பவர் இழுவையைப் பேசுவார்.

தெளிவாகச் சொன்னவர் தென்காசியில் எங்களுக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் அண்ணாச்சி. "லோடு எவ்வளவுன்னு மட்டும் பாக்காதம்மா. லோடோட எந்த இடத்துல நிக்க வேண்டியிருக்கும், அங்கயிருந்து எப்படிக் கிளம்பணும்னு பாரு. ஓடிக்கிட்டு இருக்கிற வண்டி எதுனாலும் ஓடிரும்லா" என்றார். குதிரைத்திறனை விட டார்க், அதாவது இன்ஜினின் இழுவை எண்ணைப் பார்க்கச் சொன்னார், அதுவும் இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது வருகிறது என்று பார்க்கச் சொன்னார். வி30 காகிதத்தில் 140 நியூட்டன் மீட்டர், அது 1800 சுற்றிலிருந்து 3000 வரை கிடைக்கும் என்று இருந்தது. அதாவது ஆக்சிலேட்டரைப் போட்டு முறுக்காமலே, கீழ்ச் சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடும். நான் வீட்டில் உட்கார்ந்து இன்னொரு கணக்கும் போட்டேன். வி10 மொத்த எடை 2120 கிலோ, வி30 2565 கிலோ. முழு பாரத்தில் ஒரு டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுத்தால் முதலாவதில் இருபதைச் சுற்றி நிற்கிறது, ரெண்டாவதில் இருபத்தேழு. பாரம் கூட ஏற்றியும் டன்னுக்கு ஏழு கூடுதல் என்பது சின்ன விஷயமில்லை.

சரி, காகிதம் போதும், ஓட்டிப் பார்ப்போம் என்று கிளம்பினோம். முதலில் போன ஷோரூமில் காலி வண்டியைத்தான் தருவோம், பைபாஸில் ஒரு சுற்று போய்வாருங்கள் என்றார்கள். காலி வண்டியில் ரெண்டும் பறக்கும், அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. இன்னொரு இடத்தில் கேட்டபோது, லோடோடு ஓட்டிப் பார்க்க வி30 டெமோ வண்டியைத் தர ஒத்துக்கொண்டார்கள், கூட அவர்கள் ஆள் ஒருத்தர் வந்தார். வி10க்கு ஆழ்வார்குறிச்சியில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவருக்கு ஒரு நாள் வாடகை கொடுத்து அவரையும் கூட்டிக்கொண்டோம். ரெண்டு வண்டியிலும் ஒரே பாரம்தான், 950 கிலோ, தாரும் டிரேயும் கலந்து. சின்ன வண்டிக்கு மேல் பாரம் ஏற்றிவிட்டு அது இழுக்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை.

செங்கோட்டை வரை ரெண்டுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. வி10ல் ரெண்டு சிலிண்டர் அதிர்வு சீட்டில் தெரியும், அவ்வளவுதான். புளியரை வயல்களைத் தாண்டிச் செக்போஸ்ட்டும் முடிந்து ஏற்றம் தொடங்குகிற இடத்தில்தான் சமாசாரம் ஆரம்பம். எஸ் வளைவில் கேரளாவுக்குக் கல்லும் மணலும் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிகள் ஊர்ந்துதான் போகும். அவற்றுக்குப் பின்னால் மாட்டினால் நம் வேகம் நம் கையில் இல்லை.

வி10ல் போனபோது அப்படித்தான் மாட்டினோம். மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்த தம்பி ரெண்டுக்கு இறக்கினான், அப்புறம் ஒன்றுக்கு. வளைவுக்கு நடுவே எதிரே பஸ் வந்து, முன்னால் போன லாரி நின்றுவிட்டது. நாங்களும் நின்றோம், பின்னால் ஒரு லாரி ஒட்டி நின்றது. லாரி நகர்ந்ததும் தம்பி ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தபடியே ஆக்சிலேட்டரைக் கொடுத்து, கிளட்சை மெதுவாக விட்டான். இன்ஜின் கத்தியது, வண்டி நடுங்கியது, நகரவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தான். கிளட்ச் கருகுகிற வாடை கேபினுக்குள் வந்தது. அப்புறம் பிடித்து ஏறிவிட்டது. வண்டிக்காரரும் கூடவே இருந்தார், "இந்த இடத்துல அப்படித்தான், பழகிரும்" என்றார். ஏறவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன், ஏறியது. ஆனால் வாரத்தில் பாதி நாள் விடியற்காலை இருட்டில், மழையில், என் தம்பி இதைச் செய்யப் போகிறான் என்று நினைத்தபோது மனசு ஒப்பவில்லை.

வி30ல் போன அன்று லாரி அந்த இடத்தில் நிற்கவில்லை. தம்பியே வேண்டுமென்று, பின்னால் வண்டி எதுவும் வராத ஒரு ஏற்றத்தில் ஓரமாக நிறுத்தினான். முதல் கியர், கிளட்சை விட்டான், கிளம்பியது. முறுக்கவே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "யக்கா, கேட்டியா சத்தத்த?" என்றான். கேட்பதற்குச் சத்தமே இல்லை என்பதுதான் அவன் சொன்னது.

இறக்கத்தையும் சொல்ல வேண்டும், இதை யாரும் விசாரிப்பதில்லை. கோட்டைவாசல் தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை வரை லோடோடு இறக்கம்தான். எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்கள் பாடம். பெரிய இன்ஜின் கியரில் நன்றாகப் பிடித்து நிறுத்துகிறது, பிரேக்கை அடிக்கடி மிதிக்க வேண்டியதில்லை, சூடேறுவதும் குறைவு.

அன்று ராத்திரி கணக்கு நோட்டை எடுத்தேன். கூடுதல் விலைக்கு நாலு வருஷத் தவணையில் மாதம் 3000 ரூபாய் வாக்கில் டியூ கூடும். டீசலில், சமதளத்தில் லிட்டருக்கு மூன்று கிலோமீட்டராவது சின்ன வண்டி கூடக் கொடுக்கும் என்று விசாரித்ததில் தெரிந்தது. லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது அதுவும் மாதம் ரெண்டாயிரத்துக்கு மேல் வரும். ஆக மாதம் ஐந்தாயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏற்றத்தில் இந்த டீசல் மிச்சம் நிற்காது. ரெண்டு டன்னை மேலே தூக்க வேண்டிய வேலை எந்த இன்ஜினுக்கும் ஒன்றுதான். சின்னது அதைக் கீழ் கியரில் சுற்றைக் கூட்டிச் செய்கிறது, பெரியது நிதானமாகச் செய்கிறது. அதோடு வாழை நாளில் வி10க்குக் கழித்துவிட வேண்டிய தார்களை யார் வண்டியில் அனுப்புவது? திரும்பவும் வாடகை வண்டி. அதையும் கிளட்ச் பிளேட் செலவையும் சேர்த்தால் ஐந்தாயிரத்தில் பெரும்பகுதி சரிக்கட்டிவிடுகிறது. மிச்சம் இருந்ததை என் தம்பியின் நிம்மதிக்குக் கொடுத்தேன். வி30ஐ புக் பண்ணினோம்.

மற்றதெல்லாம் வழக்கமான வேலைதான். மஞ்சள் போர்டு, இன்சூரன்ஸ், எஃப்சி என்கிற தகுதிச் சான்று. எஃப்சி முதல் எட்டு வருஷத்துக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷா வருஷம். லைசென்ஸ் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகம் இருந்தது. என்னிடம் கார் ஓட்டும் லைசென்ஸ்தான் உண்டு, அவசரத்துக்கு நான் ஓட்டலாமா என்று. மொத்த எடை 7500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை ஓட்ட அந்த லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வு தீர்த்துவிட்டது. பாவூர்சத்திரம் வரை நானும் இப்போது ஓட்டுகிறேன்.

வண்டி வந்து ஒரு ஆடியும் ஒரு ஓணமும் பார்த்தாயிற்று. முன்கூட்டி யோசிக்காத ஒரு லாபம் ஆடிக் காற்றில் தெரிந்தது. நம் பக்கம் தெரியும்தானே, செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. தார்ப்பாய் கட்டிய லோடு அதற்கு எதிரே ஒரு சுவர். தென்காசியிலிருந்து மேற்கே போகும்போது சமதளமே ஏற்றம் மாதிரி ஆகிவிடும். வாடகைக்கு எடுத்த சின்ன வண்டிகள் அந்த நாட்களில் டாப் கியருக்கே போகாமல் திணறியதை நான் பார்த்திருக்கிறேன். இது டாப் கியரிலேயே போகிறது.

கவனிக்க வேண்டியதும் ரெண்டு உண்டு. ஒன்று, இழுக்கிறதே என்று மேலே மேலே ஏற்றத் தோன்றும். ஓணம் நேரத்தில் வியாபாரிகள், "இன்னும் ரெண்டு மூடைதானக்கா" என்று கெஞ்சுவார்கள். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2000. அபராதம் கிடக்கட்டும், ஸ்பிரிங் கட்டும் டயரும் பிரேக்கும் 1300 கிலோவுக்குத்தான் செய்யப்பட்டவை. நான் ஒத்துக்கொள்வதில்லை. இன்னொன்று, பிஎஸ்6 என்கிற புதிய புகை விதிப்படி வரும் டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி இருக்கிறது. வயலுக்கும் வீட்டுக்குமாகக் குட்டி ஓட்டமே ஓடினால் அது சூடேறாமல் கரி அடைத்துக்கொள்ளும். எங்களுக்குப் புனலூர் ஓட்டம் இருப்பதால் பிரச்சினை வரவில்லை.

எங்கள் சித்தப்பா மகன் இதே வண்டியை எடுக்க வேண்டும் என்று நிற்கிறான். அவன் ஓட்டம் கடையத்திலிருந்து அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, அதிகம் போனால் திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட். வழியில் ஒரு ரயில்வே பாலம் தவிர ஏற்றமே கிடையாது, லோடும் எண்ணூறு கிலோவைத் தாண்டாது. அவனை வி10 எடுக்கச் சொல்லியிருக்கிறேன். எடைச் சீட்டையும் கையில் கொடுத்திருக்கிறேன். வரும் வாரம் ஆழ்வார்குறிச்சிக்காரர் வண்டியில் லோடு ஏற்றி அவன் வழியிலேயே ஓட்டிப் பார்க்கப் போகிறான்.