எஞ்சின் ஆடிய ஆட்டம்

"எல்லாரும்தான் செய்கிறார்கள் மேடம், நம் பிள்ளை மட்டும் யோக்கியமாக இருந்து என்ன ஆகப்போகிறது?" போட்டிகளில் ஏமாற்றி ஆடுவதைப் பற்றி, செஸ் கற்றுக்கொடுக்கும் எவரிடமும் பெற்றோர்கள் இன்று கேட்கிற கேள்வி இது. திருச்சியில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித்தருவதுதான் என் பிழைப்பு, அதனால் என்னிடமும் கேட்கிறார்கள். தப்பு, பாவம் என்று சொல்லி வாயை அடைத்துவிடலாம். ஆனால் அவர்கள் கேட்பது லாப நஷ்டக் கணக்கு. கணக்காகவே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

என்னிடம் படிக்கும் ஒரு பையன், ஐந்தாம் வகுப்பு. ஆன்லைன் போட்டி ஒன்றில் எஞ்சினை, அதாவது சிறந்த நகர்த்தலைக் கணித்துச் சொல்லும் கணினி நிரலை, பார்த்து ஆடியதாக அவன் கணக்கை முடக்கிவிட்டார்கள். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து அந்த ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எடுத்துக்கொண்ட நேரம் பக்கத்திலேயே பதிவாகியிருக்கும். ஓரிடத்தில் எதிராளி இவனுடைய குதிரையை வெட்டுகிறார். திருப்பி வெட்ட ஒரே ஒரு சிப்பாய்தான் இருக்கிறது. கை தன்னால் போகும் இடம், ஒரு விநாடி போதும். இவனுக்கு ஒன்பது விநாடி ஆகியிருக்கிறது. அதற்கு இரண்டு நகர்த்தல் தள்ளி, நடுப்பலகையில் காய்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் சிக்கலான நிலை. நல்ல ஆட்டக்காரர்களே தலையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் யோசிப்பார்கள். அங்கேயும் ஒன்பது விநாடிதான். பத்து வயதுப் பிள்ளையின் ஆட்டம் இப்படி ஒரே சீராக ஓடாது. ஓரிடத்தில் அவசரப்படும், ஓரிடத்தில் திகைத்து நிற்கும், பிடித்த காயைக் கண்டால் குதிக்கும்.

அதே ஆட்டத்தில் இன்னோர் இடம். ராஜாவுக்கு முன்னால் இருந்த ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தான். "இதை ஏன் ஆடினாய்?" என்று கேட்டேன். "தெரியவில்லை மிஸ்" என்றான். அந்த நகர்த்தலுக்கு அருமையான காரணம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எதிரி யானை பின்வரிசைக்கு இறங்கிச் செக் வைக்கப்போகிறது. அப்போது ராஜா ஒதுங்க ஒரு கட்டம் வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே மேட், ராஜா தப்ப வழியில்லாமல் ஆட்டம் முடிந்துவிடும். அந்த ஆபத்தை ஆறு நகர்த்தலுக்கு முன்பே மோப்பம் பிடிப்பதுதான் செஸ். பையன் அந்த ஆட்டத்தில் ஜெயித்திருந்தான். ஆனால் தன் ஆட்டத்தின் மிக நல்ல நகர்த்தல் எது, அது ஏன் நல்லது என்று அவனுக்குத் தெரியாது. நேற்று பின்வரிசையில் மேட் வாங்கித் தோற்றவன் நாளையும் அப்படியே தோற்பான். நடுவில் ஒரு வெற்றி மட்டும் பதிவாகியிருக்கிறது.

என் கணக்கில் முதல் நஷ்டம் இதுதான். பிடிபட்டாலும் பிடிபடாவிட்டாலும் இது உண்டு.

உழைப்பினால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் குகேஷைத்தான் காட்டுவேன். உலக சாம்பியன் ஆனார் என்பதற்காக அல்ல, எப்படி வளர்க்கப்பட்டார் என்பதற்காக. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, வளரும் ஆண்டுகளில் அவரை எஞ்சின் பக்கமே விடவில்லை. ஊரெல்லாம் கணினியைத் திறந்து விடையைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அந்தச் சிறுவன் பலகையைப் பார்த்துத் தலைக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். 2019 ஜனவரியில், 12 வயதில், செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் ஆனான்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். குகேஷும் அதுவரை சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரெனும் 6.5 புள்ளிகளில் சமமாக நிற்கிறார்கள். கறுப்புக் காய் குகேஷுக்கு. ஒரு சிப்பாய் கூடுதல். எஞ்சின்கள் டிரா என்றே காட்டிக்கொண்டிருந்தன. அவர் கைகொடுத்துவிட்டு எழுந்திருக்கவில்லை, இழுத்து ஆடிக்கொண்டே இருந்தார். 55-வது நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்துக்குக் கொண்டுவந்தார். யானைகள் வெட்டுப்பட்டன. அடுத்து, மூலையில் நின்ற வெள்ளை பிஷப்புக்குப் போக்கிடம் இல்லை, அதுவும் வெட்டுப்பட்டே ஆகவேண்டும். மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும். அந்த இறுதி நிலை கறுப்புக்கு வெற்றி. மணிக்கணக்காக ஆடிக் களைத்த மூளை, நெருக்கடியான அந்த நேரத்தில் இந்த நகர்த்தல் வரிசையைக் கடைசிவரை பார்க்கவேண்டும். காதில் சொல்ல யாரும் இல்லை. 58-வது நகர்த்தலில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். சிறுவயதில் விடையைப் பார்க்காமல் திணறிய நேரமெல்லாம் அன்றைக்குக் கைகொடுத்தது என்றுதான் நான் நம்புகிறேன்.

"அதெல்லாம் லட்சத்தில் ஒருவருக்கு, பணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார்கள். சொல்கிறேன். ஏமாற்றுகிறவனுக்குப் பணம் கிடைப்பதுண்டு, இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ரேட்டிங் என்பது ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்; ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். நம் நாட்டில் 1600-க்குக் குறைந்த ரேட்டிங் உள்ளவர்களுக்கென்று தனிப் போட்டிகள் நடக்கின்றன. முதல் பரிசு லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. எளியவர்களும் பரிசு வாங்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடு. இதற்காகவே சிலர் சின்னச் சின்னப் போட்டிகளில் வேண்டுமென்றே தோற்று ரேட்டிங்கை இறக்கிக்கொள்கிறார்கள். 1800 பலம் உள்ளவர் 1590 என்று வந்து உட்கார்ந்து, எதிரே இருக்கும் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அடித்துவிட்டுப் பரிசோடு போகிறார். எஞ்சின் கிடையாது, கைபேசி கிடையாது, சாட்சியும் கிடையாது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், மூன்று நாள் அறை வாடகை என்று கடன் வாங்கிக் கூட்டிவந்த பெற்றோர்கள் மண்டபத்துக்கு வெளியே காத்திருக்கிறார்கள். அந்த ஆள் எடுத்துப்போவது அவர்களுடைய பணத்தை. அவரும் ஒன்றை விலையாகக் கொடுக்கிறார். தோற்பதற்காக உட்கார்ந்த ஆட்டங்களில் அவர் ஒன்றும் கற்கவில்லை. அப்படி ஆண்டுக்கணக்கில் 1600-க்கும் 1800-க்கும் நடுவிலேயே ஏறி இறங்கி, 2000-ஐக் கண்ணால் காணாமல் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும்.

பிடிபடுகிறவர்களின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். இகோர்ஸ் ரௌசிஸ் 1992-லேயே கிராண்ட்மாஸ்டர் ஆனவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு மற்றவர்களுக்கு ரேட்டிங் இறங்கும். அவருக்கு 2700-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. 2019 ஜூலையில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், போட்டியின் நடுவே கழிப்பறையில் கைபேசியோடு சிக்கினார். அப்போது வயது 58. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே ஆறு ஆண்டுகள் தடை விதித்தது, கிராண்ட்மாஸ்டர் பட்டத்தையும் பறித்துக்கொண்டது. இளமையில் உழைத்து வாங்கிய பட்டமும் முதுமையில் திருடிய ரேட்டிங்கோடு சேர்ந்தே போயிற்று.

பெற்றோர்கள் கவனிக்கவேண்டியது இன்னொரு பெயர்: அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹான்ஸ் நீமன். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், 19 வயதில், உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனைத் தோற்கடித்தார். மறுநாள் கார்ல்சன் போட்டியிலிருந்தே விலகினார். உலகம் முழுவதும் சந்தேகம் பற்றிக்கொண்டது. நேரில் ஆடிய அந்த ஆட்டத்தில் அவர் ஏமாற்றினார் என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் 12 வயதிலும் 16 வயதிலும் ஆன்லைனில் ஏமாற்றியதை அவரே ஒப்புக்கொண்டார். அது போதுமானதாக இருந்தது. வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றியைப் பெற்ற வாரத்தில், அது தன்னுடையதுதான் என்று ஊருக்கு நிரூபிக்க வேண்டிய நிலை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். 12 வயதில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

இந்தச் சந்தேகம் தப்பு செய்தவர்களோடு நின்றால் பரவாயில்லை. என் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். பேசவே மாட்டாள், பலகையில் மட்டும் புலி. சென்ற ஆண்டு ஒரு போட்டியில் தன்னைவிட முந்நூறு புள்ளி அதிகம் உள்ளவரை அழகாக ஜெயித்தாள். கைகுலுக்கிய உடனே எதிராளியின் வீட்டார் நடுவரிடம் போனார்கள். அந்தப் பிள்ளையின் பையைச் சோதித்தார்கள், கழிப்பறைக்கு எத்தனை முறை போனாள் என்று விசாரித்தார்கள். ஒன்றும் இல்லை, ஆட்டம் செல்லும் என்று நடுவர் சொல்லிவிட்டார். அவர் கடமையைச் செய்தார், அவரைக் குறை சொல்வதற்கில்லை. நான் அவளுடைய ஆட்டக் குறிப்புத் தாளை வாங்கி அங்கேயே அவளிடம் ஒவ்வொரு நகர்த்தலாகக் கேட்டேன். குதிரையை ஏன் பின்வாங்கினாள், எந்த இடத்தில் பயந்தாள், எதை எண்ணிப் பார்த்துக் கைவிட்டாள் என்று மளமளவென்று சொன்னாள். சுற்றி நின்ற நாலைந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறமும் அடுத்த சுற்றில் அவளால் சரியாக ஆட முடியவில்லை.

ஆகவே இப்போது என் வகுப்பில் ஒரு விதி உண்டு. ஆன்லைனில் ஆடினாலும் நேரில் ஆடினாலும், ஆட்டத்தை என்னிடம் கொண்டுவந்து பலகையில் வைத்து ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காரணம் சொல்லவேண்டும். காரணம் தப்பாக இருக்கலாம், காரணமே இல்லாமல் மட்டும் இருக்கக்கூடாது. எஞ்சினை அதற்குப் பிறகுதான் திறப்போம். பெற்றோர்களிடம் நான் கேட்பது இரண்டு. ஆன்லைன் போட்டியின்போது கணினி கூடத்தில் இருக்கட்டும், மூடிய அறையில் வேண்டாம். பிள்ளை தோற்று வரும்போது ரேட்டிங் எவ்வளவு குறைந்தது என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். போட்டி நடத்துகிறவர்களிடம் கேட்பது ஒன்று: 1600-க்குக் கீழ் என்று அறிவிக்கும்போது இன்றைய ரேட்டிங்கை மட்டும் பார்க்காமல், அந்த ஆள் இதுவரை எட்டிய உச்ச ரேட்டிங்கையும் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிடே தளத்தில் பழைய ரேட்டிங்குகள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன, தேடிப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.