பாசி வாரிய ஞாயிற்றுக்கிழமைகள்

மூன்றாவது வீச்சில் தூண்டில் ராடின் நுனி நன்றாக வளைந்து நின்றது. பெரிய பாறை மீன்தான் என்று ஐந்து நிமிடம் மூச்சு வாங்க ரீலைச் சுற்றினேன். கரைக்கு வந்தது தலையணை அளவுக்குப் பாசி. அதற்குள் எங்கேயோ ஈயக் குண்டும் இரண்டு கொக்கியும், தோய்த்துப் பிழிந்த மாதிரி ஒரு இறால் துண்டும் இருந்தன. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு அது. நீரோடிக்கும் பொழியூருக்கும் நடுவே, ஒரு கால் தமிழ்நாட்டிலும் ஒரு கால் கேரளத்திலும் வைக்கலாம் போன்ற இடம். பின்னால் கரமடிக் (கரையில் நின்று இழுக்கும் வலை) கயிறு சுருட்டிக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: "மக்களே, நீ மீன் பிடிக்கியா, பாசி வாருகியா?"

என்னிடம் இருந்தது 12 அடி ராடு, 6000 சைஸ் ரீல், அதில் பிரெய்டு என்கிற பின்னல் நூல், முன்னால் லீடராக ஆறு மீட்டர் தடித்த தங்கூசி, அதாவது ஒற்றை இழை நைலான் நூல். ஜூன், ஜூலையில் நான் கடற்கரைக்குப் போவதில்லை. அந்த இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்குத்தான் தடை, தூண்டிலுக்கு இல்லை. ஆனால் தென்மேற்குப் பருவக் கடலுக்கு முன்னால் நிற்க எனக்குத் துணிவில்லை. அதனால் ஆகஸ்ட் பாதிக்கு மேல்தான் தொடங்குவேன். சிக்கல் என்னவென்றால், இரண்டு மாதமாக அலை அடித்துப் பாறையிலிருந்து பிய்த்தெடுத்த பாசியெல்லாம் அப்போதுதான் கரையோரம் ஒதுங்கி, ஏற்றத்தில் உள்ளே போவதும் இறக்கத்தில் மணலில் கிடப்பதுமாக இருக்கிறது.

அந்தத் தலையணையை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலும் பழுப்பு நிற சர்காசம். ராமேஸ்வரம் பக்கம் கட்டக்கோரை என்பார்களே, அது. விளிம்பில் பல் வைத்த இலை, இலைக்கு இலை மிளகு போலக் காற்றுக்குமிழி. அந்தக் குமிழியால்தான் பிய்ந்த பிறகும் மூழ்காமல் அலைந்துகொண்டே இருக்கிறது. நடுவில் நகக்கண் அளவு நண்டு ஒன்று என்னை முறைத்துவிட்டுப் பக்கவாட்டில் ஓடியது. பச்சைப் பாசி வேறு மாதிரி. நனைந்த பாலித்தீன் காகிதம் போல் நூலோடு ஒட்டிக்கொள்ளும். கையால் இழுத்தால் கிழியும், போகாது.

முதலில் செய்தது முட்டாள்தனம். ஈயம் நகர்வதால்தான் சிக்குகிறது என்று நினைத்து, 100 கிராமை எடுத்துவிட்டு, கம்பிக் கால் வைத்த 150 கிராம் ஈயத்தைக் கட்டினேன். ஈயம் மணலைக் கவ்விக்கொண்டது. நூல் நீரோட்டத்துக்குக் குறுக்கே விறைப்பாக நின்றது, வந்த பாசியையெல்லாம் வடிகட்டியது. பத்து நிமிடத்தில் அதே தலையணை, இந்த முறை உறையோடு. அவசரத்தில் பிரெய்டைக் கையில் சுற்றி இழுத்ததில் ஆள்காட்டி விரல் கிழிந்தது. உப்புத் தண்ணீர் வேறு.

இன்னொரு தொல்லை, நூலும் லீடரும் சேரும் முடிச்சு. சுற்றும்போது நூலில் தொங்கும் பாசி வழுக்கிக்கொண்டே போய் அந்த முடிச்சில் அடைக்கிறது. அடைத்த பாசி ராடின் நுனி வளையத்தில் முட்டும்போது ஆறு மீட்டர் லீடரும் கொக்கியும் இன்னும் அலைக்குள். மேற்கொண்டு சுற்ற முடியாது, பின்னால் நடந்து இழுக்க வேண்டும். பின்னால் கடலரிப்புத் தடுப்புக் கல். நீரோடி வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பின்னால் நடக்க அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்று.

செப்டம்பர் முதல் வாரம் பிரெய்டைக் கழற்றிவிட்டு 0.50 மி.மீ. தங்கூசியை ரீல் முழுக்க ஏற்றினேன். லீடர் இல்லை, முடிச்சும் இல்லை. பிரெய்டு பின்னிய நூல், பாசி அதைப் பிடித்துத் தொங்குகிறது. தங்கூசி வழுவழுப்பு, உதறினால் பாதி விழுந்துவிடுகிறது. தூரம் குறைந்தது உண்மைதான். அதற்காக நான் வருந்தவில்லை. கிழங்கான் மீனும் சின்னப் பாறை மீன் குட்டியும் முதல் அலை உடையும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில்தான் மேய்கின்றன. தூரமாக வீசுவது பெரும்பாலும் கரையில் நிற்பவர்கள் பார்ப்பதற்காக.

கூடவே ஒரு சின்ன வேலை. கொக்கிக்கு இரண்டடி மேலே, இன்னும் தடித்த தங்கூசித் துண்டு ஒன்றை முடிச்சுப் போட்டு, இரண்டு முனையையும் ஒரு விரற்கடை அளவு விறைப்பாக விட்டுவிட்டேன், கரப்பான் மீசை மாதிரி. வழுக்கி வரும் பாசி அந்த மீசையில் நின்றுவிடுகிறது, இறாலை மூடுவதில்லை. கொக்கியையும் ஒன்றாகக் குறைத்தேன். ராடு தாங்கியாக வைத்திருந்த பிவிசி குழாய் மூன்றடி, அதை ஐந்தடியாக மாற்றியதும் உடைகிற முதல் அலை நூலுக்கு அடியிலேயே போனது. நுரையில்தான் பாசி அதிகம் என்பதால் இதில் கிடைத்த லாபம் சின்னதல்ல.

இவ்வளவு செய்தும் மீன் இல்லை. பாசி குறைந்தது, அவ்வளவே.

அப்புறம் அந்தப் பெரியவர் கரமடி இழுப்பதைப் பார்த்தேன். வலை கடலில் இருக்க, இரண்டு பக்கமும் கயிறு பிடித்தவர்கள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கமாகக் கரையோடு கூடவே நடந்துகொண்டிருந்தார்கள். "அதுக்க கூட போனா பாரம் இல்லெ, கேட்டியா" என்றார். நான் கம்பிக்கால் ஈயத்தைத் தூக்கிப் பையில் போட்டுவிட்டு, 60 கிராம் உருண்டை ஈயம் கட்டினேன். குழாயில் குத்தி வைக்காமல் ராடைக் கையிலேயே பிடித்து, உருளும் ஈயத்தோடு தேங்காப்பட்டணம் பக்கமாக நடந்தேன். நூலும் பாசியும் ஒரே வேகத்தில் போகும்போது ஒன்றை ஒன்று குறுக்கிடுவது குறைகிறது. ஐம்பதடி நடப்பது, எடுப்பது, உதறுவது, திரும்பி வந்து வீசுவது. அன்று காலை ஏழு கிழங்கான், சாண் நீளத்தில். ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிது.

ஒரு காலை நடந்து நடந்து தூண்டில் வளைவு வரை போய்விட்டேன். கடலரிப்புக்குக் கல்லைக் கொட்டி வளைத்துக் கட்டியதற்கு இந்தப் பெயரை வைத்தவர் என்ன நினைத்தாரோ, என் தூண்டிலுக்கு அதுதான் உதவியது. ஓட்டம் வந்து மோதும் பக்கம் பாசி மெத்தையாகக் கிடந்தது, மறுபக்கம் தண்ணீர் தெளிவு. இப்போதெல்லாம் வந்தவுடன் வீசுவதில்லை. எழுந்து நிற்கும் அலையின் வயிற்றைப் பார்க்கிறேன். உள்ளே பழுப்பு தெரிந்தால் மறுபக்கம் போய்விடுவேன். கல் மேல் மட்டும் ஏறுவதில்லை. காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல் ஏறும். எங்கோ இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் கிளம்பும் அலை அது. வீட்டிலிருந்து கிளம்பும் முன் இன்காய்ஸ் (கடல் நிலையைச் சொல்லும் மத்திய அரசு மையம்) எச்சரிக்கையைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

அக்டோபர் நடுவில் மழை. ஆறு கடலில் சேரும் பூவாறு பொழிமுகத்துக்குப் போனேன். நெய்யாறு திறந்துகொண்டு குளவாழையை, அதாவது ஆகாயத்தாமரையை, கூட்டம் கூட்டமாகத் தள்ளிக்கொண்டிருந்தது, கூடவே தென்னை மட்டையும் செருப்பும். அங்கே நின்ற சேட்டன் "பாயல் ஆணு, இன்னு நடக்கில்லா" என்றார், பாசியாக இருக்கிறது, இன்று நடக்காது என்று. மீசை முடிச்சு, உருண்டை ஈயம், நடை எல்லாம் செய்தேன். மேலே மிதந்து வருகிற குளவாழை நூலை மொத்தமாகப் படுக்க வைத்துவிட்டது. மூன்று வீச்சோடு சுற்றி வைத்துவிட்டேன். திரும்பும் வழியில் கொல்லங்கோட்டில் சாளையும் மரச்சீனியும் வாங்கினேன். சாளைக்கு விலை கேட்கும்போது கடைக்காரர் என் ராடையே பார்த்துக்கொண்டிருந்தார்.