யோகா கேம்ப் போடுறதுக்கு முன்னாடி

காலேஜ், யுனிவர்சிட்டிலேருந்து கிராமத்துக்குப் போய் யோகாவும் தியானமும் சொல்லித்தர்றது இப்ப நிறைய நடக்குது, 2015ல ஜூன் 21 யோகா நாள் வந்தப்புறம் இன்னும் ஜாஸ்தி. எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம். ஆனா கூடவே போக வேண்டிய அமைதிக் கல்வி, அதாவது சண்டை சச்சரவு இல்லாம சேர்ந்து வாழக் கத்துக்குறது, அது மட்டும் பஸ் ஏறாமலே நின்னுடுதுன்னு ஒரு ஆதங்கம் இருக்கு.

இதுக்கு நம்ம திண்டுக்கல் பக்கத்துலயே ஒரு பழைய வழி இருக்குங்க. சின்னாளபட்டி பக்கம் காந்திகிராமம், 1947ல டாக்டர் சௌந்தரம் அம்மாவும் அவங்க கணவர் ஜி.ராமச்சந்திரனும் ஆரம்பிச்சது, 1976ல நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆச்சு. அங்க ஸ்டூடண்ட்ஸுக்கு சாந்தி சேனான்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. காந்தியோட யோசனை அது, 1957ல பூதான இயக்கம் நடத்தின வினோபா பாவே கையில எடுத்தார், ஜி.ராமச்சந்திரன் அதை மாணவர்கள்கிட்ட கொண்டுபோனார். ஆயுதம் இல்லாத படை. ஊரைச் சுத்தம் பண்றது, கூட்டத்தை ஒழுங்குபடுத்துறது, சண்டைன்னா கையை ஓங்காம நடுவுல போய் நிக்கிறது எல்லாமே பயிற்சிதான். மனசு அமைதியும் ஊர் அமைதியும் வேற வேறன்னு அவங்க பிரிக்கவே இல்ல, எனக்கு அதுதான் பெரிய விஷயமா படுது.

நான் என்.எஸ்.எஸ்.ல (நாட்டு நலப்பணித் திட்டம்) இருந்தப்போ ஏழு நாள் கேம்ப்ல இதைக் கண்ணாலயே பாத்தேன். யோகா கிளாஸ் கோயில் முன்னாடி மண்டபத்துல போட்டிருந்தோம், மேலத்தெரு அக்காங்க எல்லாம் வந்தாங்க, கீழத்தெருவுலேருந்து ஒரு ஆள் வரல, வேலை இருக்கும்னு நாங்க பேசிக்கிட்டோம். எங்க புரோகிராம் ஆபீசர்தான் சாயங்காலம் அந்தத் தெருவுக்கே போய் திண்ணைல உக்காந்து பேசிட்டு வந்து, மறுநாள் கிளாஸை பஞ்சாயத்து ஸ்கூல் கிரவுண்டுக்கு மாத்தினார், நேரத்தையும் காலை ஆறுலேருந்து ராத்திரி எட்டுக்குத் தள்ளினார், ஏன்னா காலைல தண்ணி பிடிச்சு சமைச்சு நூறு நாள் வேலைக்கு ஓடணும். அன்னைக்கு ரெண்டு தெருவும் வந்துச்சு. முதல்ல தனித்தனியாத்தான் ஜமுக்காளம் விரிச்சாங்க. களை எடுத்து எடுத்து முட்டி தேஞ்ச ஒரு பாட்டிக்கு வஜ்ராசனம் சுத்தமா வரல, ஸ்கூல் பெஞ்சுல உக்கார வச்சு மூச்சுப்பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்தோம், முடிஞ்சதும் "ஏத்தா, நெஞ்சு லேசா இருக்கு"ன்னு பக்கத்துல இருந்த மேலத்தெரு அம்மாகிட்ட அவங்களாவே பேசினாங்க. ஒரு கேம்ப்ல ஜாதி போயிடாது, தெரியும். ஆனா அந்த ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காந்து மூச்சு விட்டது ஆசனத்தால மட்டும் நடக்கல, இடம் மாத்தினதாலயும் நடந்தது.

என்.எஸ்.எஸ்.ல வருஷத்துக்கு 120 மணி நேரம் இருக்கு. அதுல கொஞ்சத்தை அதே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போக ஒதுக்கலாம். இந்த வருஷம் கேம்ப் பிளான் போடுற ஆசிரியர்கள் யாராவது படிச்சீங்கன்னா, பேனர் அடிக்கிறதுக்கு முன்னாடி எந்தத் தெருக்காரங்க எந்த இடத்துக்கு வரமாட்டாங்கன்னு விசாரிச்சுட்டு அப்புறம் இடத்தை முடிவு பண்ணுங்க, ப்ளீஸ்.