ஈயக் குட்டையில் ரஜூலா

கோலாலம்பூரிலிருந்து சுங்கை பூலோ, ஈஜோக் வழியாகப் போனால் சாலை மெல்லக் குறுகிச் செம்பனைக்குள் நுழைந்துவிடும். பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும். அது 2007-ல் மாற்றிய பெயர். தோட்டத்து மக்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள், எனக்கும் அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது. இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நட்டது இந்தப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-ல். பால்மரமும், அதாவது ரப்பர் மரமும், நிறைய இருந்த வட்டாரம். தோட்டத்துக்கும் டவுனுக்கும் நடுவே எங்கே திரும்பினாலும் தண்ணீர். அத்தனையும் வெள்ளீயம் தோண்டி எடுத்த பழைய ஈயக் குட்டைகள்.

இந்த ஊருக்கு நான் போனது கப்பல் பார்க்க. 1:100 அளவில் ஒருவர் ரஜூலா என்ற பழைய பயணிகள் கப்பலின் மாதிரியைக் கட்டி, குட்டையில் ஓட்டுகிறார் என்று கிள்ளான் நண்பர் ஒருவர் சொன்னார். ரஜூலா என்ற பெயர் எங்கள் வீட்டில் சொந்தக்காரர் பெயர் மாதிரி புழங்கியது. தாத்தா வந்த கப்பல், சின்னத் தாத்தா திரும்பிப் போன கப்பல். அதைத் தண்ணீரில் பார்க்கலாம் என்றதும் கிளம்பிவிட்டேன்.

வீடு, தோட்டத்தை விட்டு வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கும் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில். கார் நிறுத்துகிற இடம் முழுக்கப் பட்டறை. பெரியவர் இளம் வயதில் ஈயக் கப்பலில் பிட்டராக வேலை பார்த்தவர். ஈயக் கப்பல் என்றால் கடலில் போவது இல்லை. தான் மிதக்கும் குளத்தைத் தானே வெட்டிக்கொண்டு நகரும் இயந்திரம் அது. முன்னால் சங்கிலியில் கோத்த வாளிகள் மண்ணை அள்ளும், வயிற்றுக்குள் ஈயம் பிரியும், மிச்ச மணல் பின்னால் கொட்டும். பேராக்கில் பத்து காஜா பக்கம் தஞ்சோங் துவாலாங்கில் ஒன்று இன்னும் நிற்கிறது. 1938-ல் கட்டியது, 4,500 டன் எடை. போய்ப் பார்க்காதவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபோது இந்தத் தொழிலும் படுத்துவிட்டது. பெரியவர் செம்பனை எண்ணெய் ஆலைக்கு மாறி, அங்கேயே ஓய்வு பெற்றார். வாழ்நாள் முழுக்க வால்வும் பம்பும் கழற்றி மாட்டிய கை, சும்மா இருக்க மறுத்திருக்கிறது.

ரஜூலா 1926-ல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்குச் சொந்தம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று சுற்றி வந்தது. ஆரம்ப காலத்தில் ஐயாயிரம் பேர் வரை டெக்கில் ஏற்ற உரிமம் இருந்த கப்பல் அது. இதே வடிவில் ரோனா என்று ஒரு உடன்பிறப்பும் உண்டு. 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் விமானத்தின் குண்டு பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களோடு அது மூழ்கியது. ரஜூலா போரையும் தாண்டி ஓடியது. 1973-ல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது. அடுத்த வருஷமே உடைத்துவிட்டார்கள்.

நிஜக் கப்பலின் நீளம் சுமார் 145 மீட்டர். நூறில் ஒரு பங்கு என்றால் ஒரு மீட்டர் நாற்பத்தைந்து. மேசையில் கிடந்தபோது இரண்டு பேர் இரு முனையிலும் நின்று தூக்க வேண்டிய சாமானாக இருந்தது. உடல் ஜெலுத்தோங் மரம். நம் காட்டு மரம்தான். இதன் பாலை ஒரு காலத்தில் சூயிங்கம் செய்ய வாங்கிப் போனார்கள். இழை நேராக, முடிச்சு அதிகமில்லாமல், கத்திக்கு எந்தப் பக்கமும் இணங்கும். இங்கிலாந்தில் மாதிரிக் கப்பல் செதுக்குகிறவர்கள் இந்த மரத்தை மெனக்கெட்டுத் தேடி வாங்குகிறார்கள். இங்கே மரக்கடையில் கேட்டால் கிடைக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் ஏழு பலகைகள். ஒவ்வொரு பலகையையும் கப்பலின் அந்தந்த உயரத்துக்கான வெளிக்கோட்டில் அறுத்து, நடுவைக் குடைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருக்கிறார். ஒட்டி முடித்ததும் உடல் படிக்கட்டு படிக்கட்டாக நிற்கும். அந்தப் படிகளை உளியால் சீவி, அட்டையில் வெட்டிய அளவுகளை வைத்து வைத்துப் பார்த்து, உப்புத்தாள் போட்டால் கப்பலின் வளைவு வெளியே வரும். மேலே கண்ணாடியிழைத் துணியும் எபாக்சியும். எங்கள் ஊர் ஈரத்துக்கு அது இல்லாமல் எந்த மரமும் தாங்காது.

மற்றதெல்லாம் ஊரில் கிடைத்தவை. புகைபோக்கி பிவிசி குழாய், கறுப்பில் இரண்டு வெள்ளை வளையம், கம்பெனி அடையாளம் அப்படியே. கொடிமரம் சாத்தே குச்சி. சரக்குத் தூக்கும் கைகள் விளக்குமாற்று ஈர்க்கு. வட்ட ஜன்னல்களுக்குக் காலணிக் கயிறு கோக்கும் பித்தளை வளையங்கள். தாங்கி மட்டும் பால்மரப் பலகையில். அதைக் கேட்டுத்தான் வாங்கினாராம், மறுநடவுக்கு வெட்டிய தோட்டத்து மரம். தண்ணீர் பட்டால் கறுத்து உளுத்துவிடும் என்பதால் பால்மரத்தைக் கப்பலுக்குப் போடவில்லை.

உள்ளே கார் வைப்பர் மோட்டார். பல்சக்கரத்தோடு வருவதால் மெதுவாகவும் பலமாகவும் சுற்றும். வீட்டு அலாரத்தில் இருந்து எடுத்த 12 வோல்ட் பேட்டரி. இந்த உடல், வரைந்த நீர்க்கோடு வரை அமிழ மொத்தம் பதிமூன்று கிலோ வேண்டும். பேட்டரி, மோட்டார் எல்லாம் சேர்த்தும் பாதிதான் வந்தது. மீதிக்குத் தூண்டில் காரீயக் குண்டுகளை அடித்தளத்தில் பரப்பியிருக்கிறார். முதலில் அவற்றைக் கொஞ்சம் உயரத்தில் வைத்ததால் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றதாம். எல்லாவற்றையும் பிரித்து இரண்டு விரல்கடை கீழே இறக்கிய பிறகு நிமிர்ந்தது.

அந்த டெக்கைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அளவு நூறில் ஒன்று என்பதால் ஒரு ஆள் பதினேழு மில்லிமீட்டர். பால்சா மரச் சிம்பில் செதுக்கி, வேட்டியும் சேலையும் வண்ணத்தில் தீட்டிய உருவங்கள். உட்கார்ந்திருப்பவர்கள், பாயில் படுத்திருப்பவர்கள், கம்பியைப் பிடித்து நிற்பவர்கள். எண்ணிப் பார்த்தேன், அறுபத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். ஐயாயிரம் பேர் ஏறிய கப்பலில் இவ்வளவுதானா என்று கேட்டேன்.

"சும்மா ஆள் ஒட்டறதில்ல தம்பி. யாராவது வீட்டுலேர்ந்து வந்து, எங்க அம்மா இதுலதான் வந்தாங்கன்னு சொன்னாத்தான் ஒருத்தர் ஏறுவாரு."

தீபாவளிக்கு பாலாய் ராயா என்னும் பொது மண்டபத்தில் கப்பலைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அப்போது வருகிற வயதானவர்கள் விரலை நீட்டி இடம் காட்டுவார்கள். நான் இருந்தபோதும் பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவரை மகள் அழைத்து வந்தார். சின்னப் பிள்ளையாக நாகப்பட்டினத்தில் ஏறியவர். கப்பலை முன்னிருந்து பின்னாக மெதுவாகப் பார்த்துக்கொண்டே போய், "அந்தப் புகைபோக்கிக்குப் பின்னால நெழலா இருக்கும். அங்கதான் அம்மா பாய் விரிச்சாங்க" என்றார். பெரியவர் பென்சிலால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார். தாய்க்கும் மகளுக்கும் இரண்டு உருவங்கள், சேலை என்ன நிறம் என்று மட்டும் கேட்டார். பாட்டிக்கு அது நினைவில் இருந்தது.

நம் மக்கள் வந்த கதையை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். கங்காணி முறை, 1938-ல் இந்தியா தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது, எல்லாம் படித்திருக்கிறோம். டெக்கில் யார் எந்த மூலையில் படுத்தார்கள் என்பதை இப்படி ஒரு மரக் கப்பல் வாங்கி வைத்துக்கொள்ளும் என்று நான் நினைத்ததே இல்லை. இந்த வேலையைப் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

சரி, குட்டைக்கு வருவோம். ஞாயிறு காலை ஏழரைக்கே இறக்கிவிட வேண்டும் என்றார். காரணம் காற்று. நூறில் ஒரு பங்குக் கப்பலுக்கு ஐந்து சென்டிமீட்டர் அலை என்பது நிஜக் கப்பலுக்கு ஐந்து மீட்டர் அலை. வெயில் ஏறிக் காற்று கிளம்புவதற்குள் ரஜூலா கரைக்கு வந்துவிட வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து புயல் மழை அடித்தால் அன்றைக்கு வேலையே இல்லை.

கரை செங்குத்தாக இறங்குகிற இடம் இது. குட்டை எவ்வளவு ஆழம் என்று கரையில் நின்று சொல்ல முடியாது. பிள்ளைகளை விளிம்புக்கு விடுவதே இல்லை, பெரியவர்களும் உயிர்காப்புச் சட்டை போடாமல் தண்ணீர் ஓரம் போவதில்லை. இதில் அவர் ரொம்பக் கறார், அது சரிதான். நடுவில் படகு நின்றுவிட்டால் யாரும் நீந்தக் கூடாது. தூண்டில் நரம்பில் டென்னிஸ் பந்தைக் கட்டி, படகைத் தாண்டி வீசி, சுற்றி இழுத்துக் கொண்டுவருகிறார்கள். நிற்பதற்கு முக்கால்வாசிக் காரணம் ஆகாயத்தாமரை வேர் சுழலியில் சிக்குவது.

கப்பல் மிதந்தது. கறுப்பு உடலும் வெள்ளை மேல்கட்டும் செம்மண் கரைக்கு எதிரே அவ்வளவு பொருத்தமாக இருந்தன. நான் முழு வேகம் வைக்கச் சொன்னேன். அவர் தலையாட்டி மறுத்தார். "வேகமா ஓட்டினா விளையாட்டுச் சாமான். மெதுவா ஓட்டினாத்தான் கப்பல்."

இதற்குக் கணக்கு இருக்கிறது. வில்லியம் புரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1870-களில் டார்க்கியில் ஒரு நீர்த்தொட்டி கட்டி, மாதிரிகளை இழுத்துப் பார்த்துக் கண்டுபிடித்த விதி. நீளம் நூறில் ஒன்றானால் வேகம் அதன் வர்க்கமூலத்தில், அதாவது பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். அப்போதுதான் முகப்பில் எழும் அலை நிஜக் கப்பலின் அலை மாதிரியே இருக்கும். 13 நாட் வேகத்தில் போகிற கப்பலுக்கு, குட்டையில் நொடிக்கு அறுபத்தேழு சென்டிமீட்டர். கரையில் கூடவே நிதானமாக நடந்து போகலாம். நடந்தேன். அந்த வேகத்தில் முகப்பிலிருந்து இரு பக்கமும் அலை விரிந்து போனதைப் பார்க்கும்போது, பழைய புகைப்படங்களில் பார்த்ததுதான் நினைவுக்கு வந்தது.

கப்பல் ஆடுவதற்கும் இதே கணக்குத்தான். மாதிரி பத்து மடங்கு வேகமாக ஆடும். அதனால் போனில் நொடிக்கு 240 படம் எடுத்து 30 படமாக ஓட்டினேன். எட்டு மடங்கு மெதுவாகிவிடும். திரையில் ஓடியது வங்காள விரிகுடாவில் போகும் ரஜூலாதான். கூட வந்திருந்த பாட்டியின் மகள் அதை வாங்கித் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

பத்தரை மணிக்குக் காற்று வந்தது. ரஜூலா கரையேறியது, பாய்ப்படகுக்காரர்களின் நேரம் தொடங்கியது. இளைஞர்கள், பெரும்பாலும் 65 சென்டிமீட்டர் ரெடிமேட் படகு வைத்திருப்பவர்கள். ஒருவர் மட்டும் சொந்தமாகக் கட்டிய ஒரு மீட்டர் வகைப் படகு வைத்திருந்தார். உலகம் முழுக்க ஓடும் வகை இது. நீளம் ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது, எடை நாலு கிலோவுக்குக் குறையக் கூடாது, காற்றுக்குத் தக்க மூன்று அளவுப் பாய்கள். ரிமோட்டில் இரண்டே வேலை: ஒன்று சுக்கான், மற்றது பாயை இழுத்து விடுவது. ரிசீவரின் ஏரியலை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே வைக்கிறார்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது.

என்னை அதிகம் கவர்ந்தது இன்னொரு தம்பி கொண்டுவந்த பினாஸ். திரங்கானுவின் பழைய இரண்டு பாய்மரச் சரக்குக் கப்பல். புலாவ் டூயோங்கில் வரைபடமே இல்லாமல், முதலில் வெளிப்பலகையை மர ஆணியால் சேர்த்துப் பிறகு உள்சட்டம் வைத்துக் கட்டுவார்கள். இவர் கட்டியது இருபதில் ஒரு பங்கு. அளவெல்லாம் சரி, தண்ணீரில் விட்டதும் கவிழ்ந்துவிட்டது. இருபது மடங்கு சிறிதாக்கும்போது பாய் சாய்க்கிற முறுக்குவிசை எட்டாயிரத்தில் ஒன்றாகக் குறைகிறது, நிமிர்த்துகிற முறுக்குவிசையோ ஒரு லட்சத்து அறுபதாயிரத்தில் ஒன்றாகப் போய்விடுகிறது. அதே காற்றில் மாதிரி இருபது மடங்கு எளிதாகச் சாயும். அதற்காக, அடியில் காரீயம் கட்டிய, மீன் துடுப்பு மாதிரி ஆழமாக இறங்கும் பலகை ஒன்றைச் செய்து மாட்டியிருக்கிறார். ஓட்டும்போது மாட்டுவார், வீட்டில் காட்சிக்கு வைக்கும்போது கழற்றிவிடுவார். பெரியவர்தான் வழி சொன்னாராம்.

எண்ணெய் ஆலையில் வேலை பார்க்கும் ஜொகூர்க்காரர் ஒருவர் ஜோங் என்ற சின்னப் பாய்ப்படகு கொண்டுவந்திருந்தார். ஜொகூர், ரியாவ் தீவுகளின் பழைய விளையாட்டு. சுக்கான் இல்லை, ரிமோட் இல்லை. பாயையும் பக்கத்தில் நீட்டிய தாங்குகட்டையையும் கரையிலேயே சரி செய்து, கையை விட்டால் தானாகப் போகும். அன்றைக்கு எல்லாப் படகையும்விட அதுதான் வேகம்.

பெரியவரின் மேசையில் அடுத்த வேலை தொடங்கிவிட்டது. தான் வேலை பார்த்த ஈயக் கப்பல். வாளிச் சங்கிலிக்குச் சின்னப் பித்தளைத் துண்டுகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருக்கிறார். ரஜூலாவும் முழுசாக முடியவில்லை. பின்பக்கத்து டெக்கில் வெயிலுக்குக் கித்தான் கூரை எப்படிக் கட்டினார்கள், தண்ணீர்க் குழாய்கள் எங்கே இருந்தன என்பதற்கு நல்ல படம் அவருக்குக் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் ரஜூலா டெக்கில் எடுத்த படம் இருந்தால், முகம் தெரியாத மங்கல் படமாக இருந்தாலும், தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் அந்தக் கப்பலில் வந்த யாராவது இருந்தால் எங்கே பாய் விரித்தார்கள் என்று கேட்டு வையுங்கள். தீபாவளிக்குப் பத்தாங் பெர்ஜுந்தைக்கு வந்தால் அவரிடமே சொல்லலாம்.