பாங்காக் 1998

காலையில இருந்து டிங்கோ சிங் நினைப்பாவே இருக்கு. மணிப்பூர்க்காரர், குத்துச்சண்டை வீரர், அனாதை இல்லத்துல வளர்ந்தவர். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுக்கு முதல்ல அவரை எடுக்கவே இல்ல. கடைசி நேரத்துலதான் பேரு சேர்ந்துச்சு. வயசு 19, எடை 54 கிலோ. அரையிறுதியில எதிர்ல நின்னது தாய்லாந்து வீரர். அவங்க ஊரு, அவங்க ஜனம், காதைப் பொளக்குற சத்தம். அங்கேயே ஜெயிச்சார். அப்புறம் தங்கமும்!

அதைப் பார்த்துட்டுத்தான் அதே மணிப்பூர்ல மேரி கோம் குளோவ்ஸ் மாட்டுனாங்க, வீட்டுக்குத் தெரியாம. பேப்பர்ல போட்டோ வந்தப்புறம்தான் அப்பாவுக்கே விஷயம் தெரியும். மூஞ்சியில அடிபட்டா யாரு கட்டிக்குவான்னு அவருக்குப் பயம். (எல்லா ஊர் அப்பாவும் ஒண்ணுதான் போல.) அந்தப் பொண்ணு ஆறு தடவை உலக சாம்பியன். இரட்டைக் குழந்தை பிறந்து அடுத்த வருஷமே, 2008ல ஜெயிச்சது நாலாவது.

டிங்கோ 2021ல கல்லீரல் புற்றுநோய்ல போயிட்டார். 42 வயசுதான். அதுதான் இன்னும் மனசு ஆறல.